ஒரு தூக்கம் போட்டுப் பார்ப்பவர்

பகலில் தூங்குகிறவர்களுக்கு எங்கள் வீட்டில் வைத்திருந்த பெயர் மூதேவி. விளக்கு வைக்கும் நேரத்தில் தலையைச் சாய்த்தால் அதற்கும் மேலே ஒரு வசவு உண்டு, அதை எழுத முடியாது. அப்படியே வளர்ந்ததால் எனக்கு இன்றுவரை பகலில் கண் மூடாது. காய்ச்சல் வந்தால்கூட சுவரில் சாய்ந்து உட்கார்ந்துதான் இருப்பேன். இப்படிப்பட்ட நான் மனம் நிறைய நேசித்த ஒரு மனுஷி, பகல் முழுக்கத் தூங்குகிறவராக அமைந்தது வேடிக்கைதான். அவரை எல்லோரும் சிஸ்டர் என்று கூப்பிட்டார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன்.

காஞ்சிபுரத்தில் ரயில்வே ஸ்டேஷன் பக்கம் ஒரே கேட்டுக்குள் வரிசையாக நாலைந்து வீடுகள். முதல் வீட்டில் நானும் அம்மாவும், கடைசி வீட்டில் சிஸ்டர். ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் அவர் நர்ஸ், எப்போதும் நைட் டூட்டி. மற்றவர்கள் தள்ளிவிடப் பார்க்கும் அந்த டூட்டியை இவர் கேட்டு வாங்கியிருந்தார். நான் அப்போது ஒரு பட்டுப்புடவைக் கடையில், ஆன்லைனில் போடுவதற்காகப் புடவைகளைப் படமெடுக்கும் வேலையில் இருந்தேன். காலையில் நான் ஸ்கூட்டரை வெளியே தள்ளும்போது அவர் உள்ளே வருவார். "நீ போயி உன் வேலைய பாரும்மா. நான் போயி என் வேலைய பாக்கறேன்" என்பார். அவர் வேலை, தூங்குவது.

அதைச் சோம்பேறித்தனம் என்று யாரும் சொல்லிவிட முடியாது. நாம் அரிசியைக் கையில் எடுத்துப் பார்த்து வாங்குவதுபோல அவர் தூக்கத்தைப் பார்ப்பார். ஆஸ்பத்திரியில் ஒரு பெரியவர் இரவெல்லாம் புரண்டுகொண்டே இருந்தாராம். டாக்டர் எழுதிய மாத்திரையைக் கொடுக்கும் முன்பு, "வூட்டுல அவரு வெச்சிக்கற தலகாணி உறைய தொவைக்காம அப்பிடியே எடுத்துக்கினு வாங்க" என்று அவர் மகனிடம் சொல்லியனுப்பினார் சிஸ்டர். உறை வந்தது, பெரியவர் தூங்கிவிட்டார், மாத்திரை மிச்சமானது. "தூக்கம் மூக்குல இருக்குதும்மா, கண்ணுல இல்ல" என்று அதற்கு ஒரு விளக்கமும் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பிரசங்கம் நடக்கும்போது அவர் தூங்கிப் போவதைப் பற்றி அம்மா ஒருமுறை கிண்டல் பண்ணியதற்கு, "அது நல்ல சர்ச்சுக்கா, அதான் தூக்கம் வருது" என்றார். கிண்டலுக்குப் பதில் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. நிஜமாகவே அப்படித்தான் நினைத்தார்.

அவர் வீட்டு ஜன்னலில் ஒரு நீலப் பெட்ஷீட் தொங்கும். வெயில் ஏற ஏற அறை முழுக்க நீலமாகிவிடும். மூலையில் ஒரு பழைய டேபிள் ஃபேன். தலையைத் திருப்பும்போதெல்லாம் அதன் கம்பிக் கூண்டு எதிலோ இடித்து டொக், டொக் என்று சத்தம் போடும். அந்த நீலத்துக்குள், அந்தச் சத்தத்துக்குள் சிஸ்டர் மல்லாந்து கிடப்பார். அவர் காலடியிலோ வயிற்றுமேலோ ஒரு நாய்க்குட்டி கிடக்கும். நான் மதியச் சாப்பாட்டுக்கு வரும் நாட்களில் கதவை மெல்லத் தள்ளி எட்டிப் பார்ப்பேன். அந்த அறைக்குள் மணி என்ன, கிழமை என்ன என்று எதுவும் புரியாது. மறுபடி வெயிலுக்குள் வந்தால் கண் கூசும்.

நாய்க்குட்டிகள் ஆஸ்பத்திரிப் பின்வாசலிலிருந்தும் பஸ் ஸ்டாண்டிலிருந்தும் வரும். தாய் செத்துப்போனது, சாக்கடையில் விழுந்தது, யாரோ அட்டைப்பெட்டியில் வைத்துவிட்டுப் போனது. சிஸ்டர் எடுத்து வந்து, தடுப்பூசி போட்டு, குடல்பூச்சி மருந்து கொடுத்து, ஒரு வீடு கிடைக்கும்வரை வைத்திருப்பார். கிடைத்ததும் கொடுத்துவிடுவார். தனக்கென்று ஒன்றையும் வைத்துக்கொண்டதில்லை. ராத்திரியில் வீட்டில் இல்லாதவள் நாய் வளர்க்கக் கூடாது என்பது அவர் சட்டம். பெயரும் வைக்க மாட்டார். ஆணாக இருந்தால் தம்பி, பெண்ணாக இருந்தால் பாப்பா. "பேரு வெக்கறது அவங்க வூட்டு வேல" என்பார்.

படமெடுக்கிறவள் என்பதால் என்னை இதில் இழுத்துவிட்டார். ஸ்டேட்டஸில் போட நான் குட்டிகளைப் படமெடுக்க வேண்டும். ஆனால் குட்டி தூங்கும்போதுதான் எடுக்க வேண்டும். கண் திறந்திருந்தால்தானே பார்க்கிறவர்களுக்குப் பிடிக்கும் என்று நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். "முழிச்சிக்கினு இருக்கற நாயி யாருக்குதான் புடிக்காது? தூங்கற நாய பாத்து ஆசப்படறவங்க வரட்டும்" என்றுவிட்டார். படத்தைப் பார்த்துவிட்டுக் கூப்பிடுகிறவர்கள் முதலில் கேட்பது, என்ன ஜாதி நாய் என்று. "தெருவுல பொறந்ததுக்கு ஜாதி எதுக்குபா?" என்று சிரித்துக்கொண்டே கேட்பார் சிஸ்டர். சிரிப்பு உதட்டோடு நின்றுவிடும். அத்தோடு பாதிப்பேர் வைத்துவிடுவார்கள்.

மிச்சமிருப்பவர்கள் வீட்டுக்குத்தான் பரீட்சை. ஒரு மதியவேளையில், காய்கறிக் கூடையில் குட்டியை வைத்துக்கொண்டு, என் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து அந்த வீட்டுக்குப் போவார். காபி தருவார்கள், குடிப்பார். பிறகு கேட்பார்: "ஒரு பாய் குடுங்களேன். செத்த நேரம் படுத்துக்கறேன்."

முதல் தடவை இதைக் கேட்டபோது எனக்கு பூமி பிளந்து உள்ளே வாங்கிக்கொள்ளாதா என்று இருந்தது. சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு புரொபசர் வீடு. பெருமாள் கோயில் பக்கத்துப் பழைய குடும்பம், ஆசாரமான வீடு. நாய் கேட்டது பள்ளிக்கூடம் போகிற மகள். சிஸ்டர் பாய் கேட்டதும் புரொபசரின் மனைவி அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நெற்றியில் கை வைத்துப் பார்க்கலாமா என்பதுபோல மறுபடி அவரைப் பார்த்தார். "உடம்பு சரியில்லையா உங்களுக்கு?" "நல்லா இருக்கேன்மா. இந்த வூட்டுல தூக்கம் வருதான்னு பாக்கணும். இவன் இங்கதானே தூங்கப் போறான்?" ஒரு பாய் வந்தது. கூடத்தில் படுத்தார். தன் பழைய புடவைத் துணி ஒன்றைக் குட்டிக்கு விரித்தார், மூக்குக்காக. அப்புறம் தூங்கிவிட்டார். குறட்டை விட்டு, நிஜமான தூக்கம்.

புரொபசர் டிவியை நிறுத்தினார். மகள் குட்டியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, வீட்டுப்பாடத்தை மடியில் வைத்துக்கொண்டாள். அந்த அம்மாள் சமையலறையில் பாத்திரத்தை மெல்ல வைக்கிற சத்தம் கேட்டது. நான் மட்டும் நாற்காலி நுனியில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிஸ்டர் எழுந்து, முகம் கழுவி, "குட்டி இங்கியே இருக்கட்டும்" என்றார். ஸ்கூட்டரில் திரும்பும்போது ஏன் என்று கேட்டேன். "எல்லாரும் கம்முனு இருந்தாங்க பாரு. எனக்காக இல்லம்மா, அவனுக்காக" என்றார்.

எல்லா வீடும் தேறாது. ஓரிக்கை போகிற வழியில் ஒரு பெரிய பங்களா. நல்ல மனிதர்தான், நாய்க்கென்று தனிக் கூண்டே கட்டி வைத்திருந்தார். அங்கே சிஸ்டருக்குத் தூக்கம் வரவில்லை, அரை மணி நேரத்தில் எழுந்துவிட்டார். "நான் படுத்திருந்த நேரம் பூரா அந்த வூட்டுல ஒருத்தரு உக்காரலம்மா. எல்லாரும் நடந்துக்கினே இருக்காங்க. நாயி எங்க படுக்கும்?" அங்கே ஒரு பாப்பாவைக் கொடுக்காமல் திரும்பிவிட்டோம்.

இதெல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, அந்தத் தம்பி வரும்வரை.

பிள்ளையார்பாளையத்தில் ஒரு தறி வீட்டின் பின்கொட்டகையில் பிறந்தவன். தாய் பஸ்ஸில் அடிபட்டது, கூடப்பிறந்தவை ஒவ்வொன்றாகச் செத்தன. இவன் ஒருவன் மட்டும் தறிக்கு அடியில், நெய்கிறவர் காலைத் தொங்கவிட்டு உட்காரும் குழிக்குள் போய் ஒளிந்துகொண்டானாம். அந்த வீட்டுக்காரர்கள் வீட்டைக் காலி செய்துகொண்டு கிளம்பும்போது சிஸ்டரிடம் கொண்டுவந்து விட்டார்கள். காப்பிக்கொட்டை நிறம். ஒரு காது மடிந்து, ஒரு காது நின்று, எந்நேரமும் எதையோ பாதி கேட்டுக்கொண்டிருக்கிறவன் மாதிரி இருப்பான்.

சிஸ்டர் வீட்டில் அவன் தூங்கிய தூக்கம் இருக்கிறதே, அதைப் போல ஒரு தூக்கத்தை நான் பார்த்ததில்லை. நாலு காலும் மேலே இருக்கும். நான் எடுத்த படத்திலேயே சிறந்த படம் அதுதான், பட்டுப்புடவைப் படங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். சிஸ்டர் டூட்டிக்குப் போகும்போதும் அவனுக்காக ஃபேனைப் போட்டுவிட்டுப் போவார். "மனுசங்களுக்கே காத்து இல்ல, இவங்க நாய்க்கு ஃபேன் போடறாங்க" என்று பக்கத்து வீட்டில் முணுமுணுத்தார்கள். கரண்ட் போனால் அவன் எழுந்து நிற்பான். புழுக்கம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டோம்.

ஆனால் வேறு எந்த வீட்டிலும் அவன் தூங்கவில்லை. கல்யாண மண்டபத் தெருவில் ஒரு பாங்க்காரர் வீடு, சிஸ்டருக்கே உடனே கண் சொருகிவிட்ட வீடு. அங்கே இவன் அறைக்கு நடுவில் நின்றுகொண்டு நடுங்கினான். திருப்பருத்திக்குன்றத்தில் ஒரு ஜைனக் குடும்பம், வாசலில் வேப்பமரம், காற்று அப்படி வந்தது. அங்கேயும் அப்படித்தான். புடவைத் துணியை மோந்து பார்ப்பான், படுப்பான், எழுந்துவிடுவான். "இவன் மூக்குக்கு இன்னாதான் வேணும்?" என்று சிஸ்டர் தன் தலையணை உறையைக்கூட எடுத்து வந்து பார்த்தார். பலிக்கவில்லை.

இதில் ஒரு வீட்டை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். பிள்ளையார்பாளையத்தில் ஒரு தறிக்கார அக்கா. தனியாக இருக்கிறவர், அண்ணன் குடும்பம் அடுத்த தெருவில். தறியில் எப்போதும் பாதி நெய்த பட்டு இருக்கும், ராத்திரியில் காவலுக்கு ஒரு நாய் வேண்டும் என்று அவராகவே தேடி வந்து கேட்டார். படத்தைக் காட்டியதும், "ஏ, இவனா! காத பாரேன்" என்று போனைக் கையில் பிடித்துக்கொண்டு தரவே மாட்டேன் என்றார். சிஸ்டருக்கும் அவரைப் பிடித்துவிட்டது. வேலை நேரத்தில் போய்த் தொந்தரவு பண்ண வேண்டாம் என்று அமாவாசை நாளாகப் பார்த்துப் போனார். அமாவாசையன்று தறி ஓட்ட மாட்டார்கள். எங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமையைவிட அது கண்டிப்பான லீவு. தெருவே அடங்கிக் கிடந்தது. "சத்தம் இல்லாத நாளா பாத்து வந்துருக்கேன், நிம்மதியா தூங்கிடுவான்" என்று சிஸ்டர் என்னிடம் சொன்னது நன்றாக நினைவிருக்கிறது.

அன்று அந்த அக்கா இரண்டு பாய் விரித்து, எனக்கும் சேர்த்து ஒரு தலையணை போட்டார். சிஸ்டர் தூங்கினார். தம்பி மட்டும் சுவரோரம் நின்று, ஓடாத தறியைப் பார்த்துக்கொண்டே ஈனசுரத்தில் அழுதான். கடைசிவரை படுக்கவில்லை. சிஸ்டர் எழுந்து பார்த்துவிட்டு, வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

அந்த அக்காவின் முகம் வாடிப்போய்விட்டது. "எங்க வூட்டுல இன்னா கொறைன்னு சொல்லிட்டுப் போ சிஸ்டர்" என்றார். "கொற ஒண்ணும் இல்லமா. அவனுக்குத் தூக்கம் வரல." "ஒரு நாளுல எப்பிடிம்மா வரும்? எனக்கே இந்த வூட்டுல தூக்கம் வர எத்தினி வருசம் ஆச்சு தெரியுமா?" சிஸ்டர் கூடையைத் தூக்கிக்கொண்டார். எனக்கு அன்று அவர்மேல் கோபம் வந்தது. தூக்கமாம் தூக்கம் என்று நினைத்துக்கொண்டே வண்டியை எடுத்தேன்.

அப்புறம்தான் குவைத் விசா வந்தது. ஹாஸ்டலில் இருந்த மகனின் படிப்புக்காக சிஸ்டர் முன்பே எழுதிப் போட்டிருந்தாராம், எங்களிடம் சொல்லவில்லை. வைகாசி முடிவதற்குள் போயாக வேண்டும். வீட்டைக் காலி செய்ய வேண்டும், தம்பிக்கு ஒரு வீடு கிடைத்தாக வேண்டும். கிடைக்காவிட்டால் அவன் மறுபடி தெருவுக்குத்தான். அம்மாவுக்கு நாய் என்றால் மூச்சு இழுக்கும், என்னால் வைத்துக்கொள்ள முடியாது. பாங்க்காரர் வீட்டில் அதற்குள் வேறு நாய் வாங்கிவிட்டார்கள், ஜைனக் குடும்பம் வெளியூர் போய்விட்டது. தறிக்கார அக்காவிடம் மறுபடி போய் நிற்க சிஸ்டருக்கு முகம் இல்லை. அந்த நேரம் பார்த்து ஓரிக்கை பங்களாக்காரர் போன் பண்ணினார். கூண்டு இன்னும் காலியாகத்தான் இருக்கிறது, இப்போதே கொண்டுவந்து விடலாம் என்றார்.

"குடுத்துடுங்க சிஸ்டர். சாப்பாடு நல்லா போடுவாங்க" என்றேன்.

"சாப்பாடு எல்லா வூட்டுலயும்தான் போடுவாங்க" என்றார். ஆனால் குரலில் பழைய உறுதி இல்லை.

சாமான்களை ஒவ்வொன்றாகக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஃபேனைப் பக்கத்து வீட்டுக்காரர் கேட்டு எடுத்துக்கொண்டு போனார், பழையதைப் பழுது பார்க்கக் கொடுக்கப் போவதாகச் சொல்லி, சிஸ்டர் கிளம்பும்வரை இருக்கட்டும் என்று தன் வீட்டு ஃபேனை வைத்துவிட்டுப் போனார். புதியது, சத்தமே இல்லாமல் சுற்றியது. அன்றிலிருந்து தம்பி சிஸ்டர் வீட்டிலும் தூங்கவில்லை. நீல வெளிச்சத்தின் நடுவில் நின்றுகொண்டு, மடிந்த காதோடு காலி மூலையைப் பார்த்தான். இரண்டு நாள் அப்படியே போனது. நான் போனபோது சிஸ்டர் தரையில் உட்கார்ந்திருந்தார். பகலில் தன் வீட்டில் அவர் விழித்து உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான். கண் சிவந்திருந்தது.

"என் வூடே ஃபெயிலும்மா" என்றார். "நான் போறது அவனுக்குத் தெரிஞ்சிபோச்சு. இனிமே நான் யாரு வூட்ட போயி கொற சொல்றது? நாளைக்கி ஓரிக்கைல வுட்டுடலாம்."

மறுநாள் கிளம்பினோம். சுவாமி புறப்பாடு என்று பெரிய தெருவை அடைத்திருந்தார்கள். பிள்ளையார்பாளையத்துக்குள் நுழைந்து சுற்றிப் போனோம். தம்பி முன்னால் கூடையில் நின்றுகொண்டே வந்தான். சிஸ்டர் பின்னாலிருந்து என் தோள்வழியாக அவனையே பார்த்துக்கொண்டு வந்தார். ஒரு சந்துக்குள் திரும்பியதும் அவன் தலை தொய்ந்தது. அப்படியே கூடைக்குள் சரிந்துவிட்டான். வண்டியை நிறுத்திவிட்டேன். "சிஸ்டர், தம்பிக்கு என்னவோ ஆயிடுச்சு!"

அவர் இறங்கி வந்து, நோயாளியைப் பார்ப்பதுபோல வயிற்றில் கை வைத்தார், கண் இமையை விலக்கிப் பார்த்தார்.

"தூங்கறான்மா."

வெயிலில், ஒரு சைக்கிளும் ஒரு ஆட்டோவும் எங்களைத் திட்டிக்கொண்டு ஒதுங்கிப் போக, அவன் தூங்கினான். சரி, களைத்துப் போய்விட்டான் என்று வண்டியை மெதுவாக நகர்த்தினேன். சந்து முடிந்து அகலமான ரோட்டுக்கு வந்ததும் எழுந்து நின்றுவிட்டான், பழையபடி நடுக்கம். "திருப்பு" என்றார் சிஸ்டர். திரும்பினேன். சந்துக்குள் வந்ததும் மறுபடி சரிந்தான். "இன்னொரு வாட்டி போ." போனோம், எழுந்தான். வந்தோம், தூங்கினான். எங்களைப் பார்த்து ஒரு வாசலில் நின்ற பெண்மணி, "இன்னாமா தேடறீங்க, அட்ரஸா?" என்று கேட்டார்.

அப்போதுதான் எனக்குக் காதில் விழுந்தது. பிறந்ததிலிருந்து கேட்டுக்கேட்டு, கேட்காமலே போய்விட்ட சத்தம். இரண்டு பக்கமும் ஒவ்வொரு வீட்டுக்குள்ளிருந்தும் டொக், டொக், டொக். தெரு முழுக்கத் தறி ஓடிக்கொண்டிருந்தது. சிஸ்டருக்கு அதே நொடியில் விளங்கியிருக்க வேண்டும், கையால் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஐயோ, என் ஃபேனு! இவனுக்குத் தூக்கம் காதுல இருந்துருக்குதும்மா. நான் மூக்கு மூக்குன்னு துணிய தூக்கிக்கினு அலைஞ்சேன். இந்தப் புள்ளைய நான் அமாவாசைல கூட்டிக்கினு போனேனே! நல்ல நாளா பாத்து கூட்டிக்கினு போனேனே!"

சிரித்தார், அழுதார், இரண்டும் சேர்ந்து வந்தது. நானும் சேர்ந்து அழுதேன் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. அங்கேயே நின்று ஓரிக்கைக்குப் போன் பண்ணினார். "மன்னிச்சிக்கோங்க சார். கூட்டிக்கினுதான் வந்தோம். அவன் வழியிலியே தூங்கிட்டான்." அந்த நல்ல மனிதர் என்ன நினைத்திருப்பார் என்று இன்னும் எனக்குச் சிரிப்பு வரும்.

தறிக்கார அக்கா வீடு அங்கிருந்து இரண்டு சந்து தள்ளி. நாங்கள் போனபோது தறியில் உட்கார்ந்திருந்தார். நிமிர்ந்து பார்த்தாரே தவிர, வா என்று சொல்லவில்லை. கை பாட்டுக்கு நெய்தது.

"அன்னிக்கி வேணாம்னு தூக்கிக்கினு போனீங்க. இன்னிக்கி இன்னாத்துக்கு?"

"தப்பு என்னுதும்மா" என்றார் சிஸ்டர். "ஒரு பாய் குடு. திரும்ப ஒருவாட்டி படுத்துப் பாக்கறோம்."

"பாயும் இல்ல, ஒண்ணும் இல்ல. தினம் வந்து பரீச்ச வெப்பீங்களா? நான் இன்னா ஸ்கூல் புள்ளையா?"

சிஸ்டர் வாய் திறப்பதற்குள் தம்பி கூடையிலிருந்து குதித்துவிட்டான். யாரையும் பார்க்கவில்லை. நேராகத் தறிக்கு அடியில் போய், குழிக்குள் இறங்கி, மிதிபலகையை மிதிக்கும் அந்தக் காலுக்குப் பக்கத்தில் ஒரு சுற்று சுற்றிப் படுத்தான். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நாலு காலும் மேலே போயின. அக்காவின் கை நின்றது. சத்தம் நின்றதும் அவன் ஒரு கண்ணைத் திறந்தான்.

"நிறுத்தாதம்மா!" என்றார் சிஸ்டர், கையெடுத்துக் கும்பிடாத குறையாக. "ஓட்டு, ஓட்டு."

அக்கா ஓட்டினார். அவன் கண் மூடியது. அவர் மறுபடி நிறுத்தினார், அவன் கண் திறந்தது. விளையாட்டுபோல நாலைந்து முறை செய்து பார்த்துவிட்டு, அக்கா தறியின்மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பு நிற்க வெகுநேரம் ஆனது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கண்டிப்பான குரலில் சொன்னார்: "இந்தா பாரு சிஸ்டர், பட்டுல ஒரு முடி சேந்தாலும் முதலாளி கத்துவாரு. கீழ கோணி போட்டுத் தரேன், குழியோட இருக்கணும். மேல ஏறினா முதுகு பிச்சிக்கும்." யாருக்குச் சொல்கிறார் என்று தெரியவில்லை, தம்பி தூங்கிக்கொண்டிருந்தான்.

"பேரு நீதான் வெக்கணும்" என்றார் சிஸ்டர். இவ்வளவு பாடுபட்டுக் கிடைத்த நாய்க்கு ஏதாவது புதுமையாக வைப்பார் என்று எதிர்பார்த்தேன். அக்கா மணி என்று வைத்தார். எங்கள் ஊரில் கல்லை எறிந்தால் ஒரு மணிமேல்தான் விழும்.

பகலெல்லாம் தூங்கிவிட்டு ராத்திரி தறி நின்றதும் அவன் எழுந்துகொண்டான். வாசலில் உட்கார்ந்து விடியும்வரை காவல். அக்காவுக்கு வேண்டியதும் அதுதானே. கிளம்புவதற்கு முந்தின நாள் இதைக் கேட்டு சிஸ்டருக்குப் பெருமை தாங்கவில்லை. "பாத்தியா, அவனும் நைட் டூட்டி" என்றார். ஊருக்குப் போகும்போது அவனைப் பார்க்கப் போகவில்லை. தூங்குகிற நேரத்தில் எழுப்பக் கூடாது என்றார். அது மட்டும்தான் காரணம் என்று நான் நம்பவில்லை.

குவைத்திலிருந்து எப்போதாவது பேசுவார். அங்கேயும் நைட் டூட்டிதான். ஆனால் முதன்முறையாக அவர் வாயால் அதைக் கேட்டேன்: "தூக்கம் வர மாட்டேங்குதும்மா. ரூமெல்லாம் ஏசி. வெளிய ஒரு சத்தம் கெடையாது. பெட்டு நல்ல பெட்டு. கண்ண மூடிக்கினு சும்மா கெடக்கறேன்." எங்கள் கடையின் புடவைப் பெட்டியில் பழைய ஃபேன் சத்தத்தை அடைத்து அனுப்ப முடிந்தால் அனுப்பியிருப்பேன்.

ஒரு நாள் காலை, நான் கடைக்குக் கிளம்பும் முன்பு கூப்பிட்டார். அங்கே அப்போதுதான் டூட்டி முடிந்திருக்கும். "இன்னிக்கி அமாவாசையாமே. போன்ல பாத்தேன். இன்னிக்கி தறி ஓடாது, அவன் பாவம் நின்னுக்கினே இருப்பான். ஒரு எட்டு போயி பாக்கறியா?" குரலே சரியாக இல்லை. கடையில் சொல்லிவிட்டு நேராகப் பிள்ளையார்பாளையம் போனேன். தெரு அன்றைக்குப் போலவே அடங்கிக் கிடந்தது.

அக்கா கதவருகே உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் உதட்டில் விரலை வைத்தார். தறி சும்மா நின்றது. குழிக்குள் அவன் இல்லை. கீரைக்கட்டுக்குப் பக்கத்தில், அக்காவின் பாதத்தில் தாடையை வைத்துக்கொண்டு, இரண்டு காதும் தொங்க, மணி தூங்கிக்கொண்டிருந்தான். வீட்டில் ஒரு சத்தம் இல்லை.

சிஸ்டரைக் கூப்பிட்டேன். "தறி ஓடலியே" என்றார் எடுத்ததும்.

"ஓடல சிஸ்டர்."

"அவன்?"

"தூங்கறான்."

அந்தப் பக்கம் கட்டில் கிரீச்சிட்டது, படுத்துக்கொண்டார் போலிருக்கிறது. பிறகு மெதுவாகக் கேட்டார்: "போன அவன்கிட்ட வெக்கறியா? பேசாத, சும்மா வெச்சிடு."

ஸ்பீக்கரைப் போட்டு, அவன் மூக்குக்குப் பக்கத்தில் தரையில் போனை வைத்தேன். அவன் மூச்சு திரையில் ஆவியாகப் படிந்து படிந்து மறைந்தது. அக்கா கீரையை ஆய்ந்தார், நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். வெயில் வாசற்படி ஏறி உள்ளே கொஞ்சம் வந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. திடீரென்று ஒரு குறட்டை கேட்டது.

"இவனா?" என்று அக்கா உதட்டசைவிலேயே கேட்டார்.

"இல்லக்கா. குவைத்து."

அக்கா என்னைப் பார்த்தார், தரையில் கிடந்த போனைப் பார்த்தார். பாதத்தை அசைக்காமல், உட்கார்ந்தபடியே கையை நீட்டி, வாசற்கதவைச் சத்தம் வராமல் சாத்தினார்.